ஒப்புதலும் தடயமும்
(வருடாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



நாம் மிஷன் பாடசாலையொன்றில் எட்டாம் வகுப்பிற் படித்த காலத்தில் ஒரு மாணவனுடைய பேனை காணாமற் போயிற்று. பிரம்போடு வந்த ஆசிரியர், வகுப்பிலே மிக ஏழையான பையனையே முதலில் அழைத்தார். நாலாவது அடியில் அவன், "நான்தான் எடுத்தனான், சேர்" என்றான். மறுநாட் காலை, பேனைக்குரியவனின் புத்தகப் பையின் அடியிலிருந்தே பேனை வெளிப்பட்டது! முதல்நாள் அவனைக் கள்ளன் என்று அழைத்தவர்களுள் நாமும் இருந்தோம்.

பொலிசார் குற்றங்களைத் துலக்கும் முறைபற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்தபோது எமக்கு அந்தப் பேனைதான் நினைவுக்கு வந்தது.

துப்பறியும் நாவல்களில் வருவதுபோற் பூதக்கண்ணாடியோடு விசாரணை தொடங்குவதில்லை. பெரும்பாலும் ஒரு முறைப்பாட்டோடுதான் தொடங்குகிறது. பொலிஸ் நிலையத்தில் வாயாற் சொல்வதை எழுதி, சொன்னவருக்கு வாசித்துக் காட்டுதல் வேண்டும். பின்னர் உத்தியோகத்தர் இடத்தைப் பார்வையிட்டு, அயலாரிடம் வாக்குமூலம் பெறுகிறார். கைரேகை, இரத்தக்கறை முதலியன பரிசோதனைக்குப் போகின்றன. பிடியாணையின்றிக் கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்துதல் பொது விதி.

இவையெல்லாம் மினைக்கேடான வேலைகள். "ஓம், நான்தான் செய்தேன்" என்று பிடிபட்டவர் சொல்லிவிட்டால் எவ்வளவு சுலபம்! அந்தச் சுலப வழியையே 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் மறித்தது. அதன் 25ஆம் பிரிவின்படி, பொலிஸ் உத்தியோகத்தரிடம் செய்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு விரோதமாக நிரூபிக்க முடியாது. ஆனால் 27ஆம் பிரிவு ஒரு சிறு கதவைத் திறந்து வைத்தது. "கத்தி கிணற்றிலே கிடக்கிறது" என்று காவலில் உள்ளவர் சொல்ல, கத்தியும் அங்கே அகப்படுமாயின், அக்கண்டுபிடிப்போடு சம்பந்தப்பட்ட அளவு பேச்சு மட்டும் மன்றில் ஏறும். வாயை நம்பாதே, கிணற்றை இறைத்துப் பார் என்கிறது சட்டம். எங்கள் ஆசிரியரோ பேனையைத் தேடாமற் பிரம்பைத் தேடினார்.

1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் இந்த ஒழுங்கைப் புரட்டியது. அச்சட்டத்தின் கீழான வழக்குகளில், உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் செய்த ஒப்புதல் ஏற்கப்படலாயிற்று. அது வற்புறுத்திப் பெறப்பட்டது என்று காட்டும் பாரமும் எதிரியின் தலையிலேயே விழுந்தது. 1993இல் கைதான தமிழ் இளைஞர் ஒருவர், தமக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதிய ஒப்புதலிற் பெருவிரல் அடையாளம் இட்டிருந்தார். 1995இல் மேல் நீதிமன்றம் அவ்வொப்புதலைக் கொண்டே அவருக்கு 50 ஆண்டுச் சிறை விதித்தது. மேன்முறையீட்டில் அது 35 ஆயிற்று. அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று 2004இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழு கண்டது. ஆயினும் 2006இல் எமது உயர் நீதிமன்றம் தீர்ப்பை மாற்ற மறுத்துவிட்டது.

பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். அயலவர் எவரேனும் பொலிஸ் நிலையம் செல்ல நேர்ந்தால், எழுத வாசிக்கத் தெரிந்த இருவரைக் கூட அனுப்புங்கள். எழுதியதை விளங்கும் மொழியில் வாசிக்கக் கேட்ட பின்னரே கையொப்பம் இடச் சொல்லுங்கள்.

இப்பேச்சை எழுதுமுன் அந்தப் பையனைப்பற்றி விசாரித்தோம். அவ்வருடத்தோடே படிப்பை நிறுத்திவிட்டானாம். இப்போது எங்கிருக்கிறான் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.