தாமதமாக வரும் திருத்தம்



வெளியூர் தங்கும் விடுதியில் குளிக்கப் போகிறோம். தண்ணீர் சில்லென்று வருகிறது. வெந்நீர்க் குழாயைத் திருகுகிறோம், மாற்றமில்லை. இன்னும் திருகுகிறோம். சில விநாடிகளில் கொதிநீர் முதுகில் விழுகிறது! அலறிக்கொண்டு எதிர்ப்பக்கம் திருகினால் மறுபடியும் ஐஸ் தண்ணீர். குழாயில் கோளாறில்லை. நாம் திருகுவதற்கும் அதன் பலன் வந்து சேர்வதற்கும் இடையிலுள்ள தாமதம்தான் நம்மை ஆட்டி வைக்கிறது. பலமான திருத்தம் தாமதமாக வந்தால், அது தவற்றைத் தணிக்காமல் எதிர்ப்பக்கம் தள்ளிவிடும். பொறியாளர்கள் இதை அலைவு என்கிறார்கள்.

குளியலறையில் நடந்தால் சிரித்துவிடலாம். வானத்தில் நடந்தால்?

1993 ஆகஸ்டு 8. சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் தண்ணீர்த் திருவிழா. கூட்டத்துக்கு மேலே கிரிப்பன் போர் விமானம் சாகசம் காட்டுகிறது. இந்த விமானம் தானாக நிலையாகப் பறக்காது. கணினி இடைவிடாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். விமானி கட்டுப்பாட்டுக் கோலை வேகமாக அசைத்தார். இறக்கையின் அசையும் பாகங்கள் தம்மால் இயன்ற உச்ச வேகத்தைத் தொட்டு, பின்தங்கிவிட்டன. அவர் கோலை மாற்றித் திருப்பிய பிறகும், அவை பழைய கட்டளையையே நிறைவேற்றிக்கொண்டிருந்தன. விமானி பாராசூட்டில் தப்பினார். விமானம் ஒரு தீவில் விழுந்தது. அத்தனை கூட்டத்திலும் ஒருவர்கூட உயிரிழக்கவில்லை. 1989இல் தரையிறங்கும்போதும் அதே விமானிக்கு இதே வகை விபத்து நேர்ந்திருந்தது.

இதற்கு 'விமானியால் தூண்டப்படும் அலைவு' என்று பெயர். எனக்கு இந்தப் பெயரில் உடன்பாடில்லை. கை அவருடையது, தாமதம் இயந்திரத்தினுடையது அல்லவா?

சரி, அலைவை எப்படி அடக்குவது? 'மெதுவாகத் திருகு' என்று வீட்டில் பாட்டி சொல்வார். அதாவது, திருத்தத்தின் பலத்தைக் குறைப்பது. இன்னொரு வழி, தவற்றின் அளவை மட்டும் பாராமல், அது மாறும் வேகத்தையும் பார்ப்பது. சூடு ஏறத் தொடங்கியதுமே கையைத் தளர்த்துகிறவர் அவ்வளவாகச் சுட்டுக்கொள்ள மாட்டார்.

ஆனால் கிரிப்பனில் பாட்டியின் வழி மட்டும் போதாது. திருத்தம் பலவீனமானால் விமானமே நிலைகுலையும். ஆகவே தாமதத்தின் மீதே கை வைத்தார்கள். கணினி நிரலை மாற்றினார்கள். அசையும் பாகங்கள் வேக எல்லையில் இருந்தாலும், விமானி கோலைத் திருப்பிய கணமே அவையும் திரும்பத் தொடங்கும். பழைய கட்டளை முடியும்வரை காத்திருப்பதில்லை.