கேட்கும் தொழிலும் தாய்மையும்



உத்தியோகம் பார்க்கும் தாய்மாரைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஆசிரியையும் செவிலியும் எழுத்தருமே நம் நினைவுக்கு வருகின்றனர். பிறர் மனத்துயரைக் கேட்பதையே தொழிலாகக் கொண்ட உளவள ஆலோசகரை நாம் அதிகம் எண்ணுவதில்லை. பெரார்கஞ்ச் போன்றதோர் ஊரில் இத்தொழிலைச் செய்யும் தாயின் நிலை எத்தகையது என்பதைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

பெரார்கஞ்ச் தெற்கு அந்தமானில் உள்ளது. 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேயரிலிருந்து சாலை வழியே சென்று அடையலாம். வங்காளிகள், தமிழர், மாப்பிள்ளைமார், ராஞ்சிப் பக்கத்தார் எனப் பலரும் குடியேறி வாழும் வட்டாரம் இது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையத்தார் இத்தீவுகளுக்கு வந்து, துயருற்றோரிடம் பேசியதோடு உள்ளூர்த் தொண்டர்களுக்கும் பயிற்சி அளித்தனர். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கம்பிவடம் வந்து சேர்ந்தது. அதன் பிறகு வீட்டிலிருந்தபடியே கணிப்பொறித் திரை வழியாக ஆலோசனை கூறுவது இங்கும் எளிதாயிற்று.

அவ்வாறு தொழில் நடத்தும் அம்மையார் ஒருவர் எனக்குப் பழக்கமானவர். அவருக்கு ஏழு வயதில் ஒரு மகன். பாட்டியும் அத்தையும் கடலுக்கு அப்பால் இருக்கின்றனர். கப்பலேறினால் சென்னை சேர மூன்று நாள் ஆகும்.

மத்திய அரசு ஊழியரான பெண்ணுக்கு 180 நாள் மகப்பேற்று விடுப்பு உண்டு. பணிக்காலம் முழுவதிலுமாகக் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு 730 நாள் உண்டு. தனியார் நிறுவனங்களில் வேலை செய்வோருக்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டம் 2017-இல் திருத்தப்பெற்று, முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரம் என்றாயிற்று. இத்தகைய ஆணைகளைத் தமிழாக்கும் வேலை என் மேசைக்கு வருவதுண்டு. ‘பராமரிப்பு’ என்ற சொல்லை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். ஆனால் சொந்தமாகத் தொழில் நடத்தும் ஆலோசகருக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. அவர் ஓய்வெடுக்கும் ஒவ்வொரு நாளும் வருமானம் இல்லாத நாளே.

பணத்தைக் காட்டிலும் கடினமானது வேறொன்று. எழுத்தர் விடுப்பில் சென்றால் கோப்பு அடுத்த மேசைக்குப் போகும். ஆலோசகரை நம்பி மனத்தைத் திறந்தவரை அப்படி இன்னொருவரிடம் தள்ளிவிட முடியாது. கருவுற்ற செய்தியையும், விடுப்புக் காலத்தையும் பல வாரங்களுக்கு முன்பே பக்குவமாகச் சொல்லியாக வேண்டும். கருச்சிதைவுற்ற துயரத்தோடு வருகிற பெண்ணின் எதிரே நிறைகர்ப்பிணியாக உட்கார்ந்து கேட்பது எவ்வளவு பெரிய சோதனை!

அதனினும் பெரிய பாரம் மௌனம். ஆசிரியை வகுப்பில் நடந்ததை இரவு உணவின்போது வீட்டாரிடம் சொல்லி ஆறுதல் பெறலாம். இவருக்கு அந்த ஆறுதலும் கிடையாது. பெருநகரமானால், ஆலோசனைக்கு வந்தவரை வெளியில் சந்திக்க நேர்வது அரிது. பெரார்கஞ்ச் கடைத்தெருவிலோ, மகனின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே எதிரில் வருவார். அவருடைய பிள்ளையும் அதே பள்ளியில் படிப்பான். “அந்த ஆன்ட்டி ஏம்மா உன்னைப் பார்த்ததும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க?” என்று மகன் கேட்டால், தாயால் உண்மையைச் சொல்ல இயலாது. பொய் சொல்லவும் மனம் ஒப்பாது.

வேறொரு நாள் அவன் பள்ளியிலிருந்து அழுதுகொண்டு வந்தான். அம்மையார் தம்மை அறியாமலே தொழிலுக்குரிய மென்குரலில், “அப்போ உன் மனசுக்கு எப்படி இருந்துச்சு?” என்று வினவினாராம். பையன் அழுகையை நிறுத்திவிட்டு, “கம்ப்யூட்டர்ல பேசுற மாதிரி என்கிட்டப் பேசாதம்மா” என்றானாம். “யாருடா உன்னை அடிச்சது?” என்று சீறியெழும் தாயே அப்பொழுது அவனுக்கு வேண்டியிருந்தது.

இக்குழப்பம் புதியதன்று. குழந்தை உளப்பகுப்பாய்வில் பெரும் புகழ் எய்திய மெலனி கிளைன், தம் கடைசி மகனையே ஆய்வுக்கு உட்படுத்தி, பெயரை மாற்றிக் கட்டுரை எழுதினார். அவருடைய மகள் மெலிட்டாவும் அதே துறைக்கு வந்து, தாயின் கொள்கைகளைச் சபையிலேயே எதிர்த்துப் பேசினார். 1960-இல் தாய் இறந்தபோது இறுதிச் சடங்குக்கும் செல்லவில்லை. அந்தப் பிளவுக்குக் காரணம் இதுதான் என்று அறுதியிட்டுக் கூற எவருக்கும் உரிமையில்லை. எனினும் வீட்டையும் ஆய்வறையையும் பிரிக்கும் கதவு திறந்தே கிடந்தது என்பது மட்டும் தெளிவு.

அதே லண்டனில் டொனால்ட் வின்னிகாட் என்னும் குழந்தை மருத்துவர், பிபிசி வானொலி வாயிலாகத் தாய்மாருக்காகப் பல ஆண்டுகள் பேசினார். குறையில்லாத தாய் தேவையில்லை, போதுமான அளவு நல்ல தாயே போதும் என்பது அவர் கருத்து. அவருக்குக் குழந்தைகள் இல்லை; பள்ளி மணியடிக்கும் வேளையில் எவரையும் அழைத்துவர ஓடவேண்டிய கவலையும் இருந்திராது! ஆயினும் அவர் சொன்னது நம் அம்மையாருக்குத் தெம்பளித்தது.

இப்பொழுது அவர் மகன் வீடு திரும்பிய பின் யாருக்கும் நேரம் கொடுப்பதில்லை. இரவு ஆலோசனையையும் நிறுத்திவிட்டார். மாத வருமானம் குறைந்தது. நான்கைந்து பேர் வேறிடம் சென்றனர். வேலை முடிந்ததும் முற்றத்தில் இறங்கிச் செடிகளுக்கு நீர் விடுகிறார். அதன் பிறகே மகனோடு பேச்சு. வாரத்தில் ஒரு மணி நேரம், சென்னையிலுள்ள மூத்த ஆலோசகர் ஒருவரிடம், வந்தவர்களின் பெயரை மறைத்துத் தம் பாரத்தை இறக்கிவைக்கிறார். அந்த ஒரு மணி நேரம் மட்டும் பையன் பக்கத்து வீட்டு வங்காளப் பாட்டியிடம் இருக்கிறான். மீனில் முள் எடுக்க அவர் அவனுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்.