வேது பிடிக்கும் கலை

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று மலைச்சரிவுகளைச் சுற்றிச் சுற்றிச் செல்லும் சாலை தன் பிரயாணத்தை முடித்துக்கொள்ளும் கிளாவரையில், மார்கழியும் தையும் உறைபனியோடு வந்து, குளிர்ந்து வறண்ட காற்று நாசியை உலர்த்தும் நாட்களில், ஜலதோஷம் கண்டவருக்கு முதலில் நினைவுக்கு வரும் உபாயம் வேது பிடிப்பது, அதாவது வெந்நீரின் ஆவியை முகர்வதுதான். அந்தப் பழைய கலையைச் சற்றே எடைபோட்டுப் பார்ப்போம்.

மூக்கடைப்பு என்றால் சளி நிறைந்துவிட்டது என்றே பலரும் எண்ணுகிறோம். ஆனால் பெரும்பாலும் நாசியின் உட்சவ்விலுள்ள இரத்தக் குழாய்கள் விரிந்து, சவ்வு வீங்கி, காற்றின் வழியைக் குறுக்கிவிடுவதே காரணமாகையால், எவ்வளவு பலமாகச் சிந்தினாலும் மூக்கு திறப்பதில்லை. வேதில் எழும் ஈர ஆவி, இறுகிய சளியை இளக்கி, உலர்ந்த தொண்டையை நனைத்துச் சிறிது நேரம் சுகமளிக்கிறது. கிருமியை அது கொல்வதில்லை. சாதாரண ஜலதோஷம் ஏழு முதல் பத்து நாட்களில் தானாகவே விடைபெறும்.

நொச்சி இலையோ, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து இம்மலைகளிலும் வேரூன்றிய தைலமரத்தின் இலையோ, 1893-இல் நாகேஸ்வர ராவ் பந்துலு பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சனத்தில் ஒரு துளியோ வேது நீரில் சேர்ப்பது வழக்கம். இங்கே ஒரு விசித்திரம் உண்டு. அமிர்தாஞ்சனம் போன்ற தைலங்களிலுள்ள மெந்தால், குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டி, மூக்கு திறந்துவிட்டது போன்ற உணர்வைத் தருகிறதே ஒழிய, அளந்து பார்த்தால் உள்ளே செல்லும் காற்று அதிகரிப்பதில்லை. ஆனாலும் அந்த உணர்வால் இரவில் தூக்கம் வருமாயின், அதை ஏமாற்று என்று தள்ள எனக்கு மனமில்லை.

வேதை விட்டால் அடுத்த கைவைத்தியம் பூண்டு. இம்மலையின் பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது நியாயமான பெருமை. மிளகும் மஞ்சளும் கூட்டி அதைப் பாலில் வேகவைத்து இளஞ்சூட்டில் பருகினால் தொண்டைக்கு இதம்தான். அதுவே ஜலதோஷத்துக்குச் சிகிச்சை என்று சாதிப்பதோ, ஊர்ப் பெருமைக்காக வைத்தியத்தை வளைப்பதாகும். தொண்டைக் கரகரப்புக்கு, ஒரு டம்ளர் வெந்நீரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டுக் கொப்பளிப்பது அதைவிட எளிது, செலவுமில்லை.

மீண்டும் வேதுக்கு வருவோம். ஏழாயிரம் அடி உயரக் கொடைக்கானலில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்காக அது சுடாமல் விடுமா? ஆகவே பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி, ஆடாத இடத்தில் வைத்து, கொதி அடங்கியபின் துண்டால் தலையை மூடிக்கொள்வதே முறை. குழந்தைகளுக்கு இந்தச் சிகிச்சையே வேண்டாம். கொட்டிய வெந்நீரால் வெந்தவர்களில் அவர்களே அதிகம். கடையில் வாங்கும் மூக்குச் சொட்டு மருந்தும் சில நிமிடங்களில் அடைப்பைத் திறக்கும். ஆனால் ஐந்து நாட்களுக்கு மேல் தொடர்ந்தால், அதுவே மூக்கை மீண்டும் அடைக்கும்.

கைக்குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடுவதும், கற்பூரம் தடவுவதும் ஆபத்து. அதற்கென்றுள்ள உப்பு நீர்ச் சொட்டும் தாய்ப்பாலும் போதும். குழந்தை வேகவேகமாக மூச்சு வாங்கி, விலா உள்வாங்குமானால், வேதுப் பாத்திரத்தைத் தேடாமல், மலைப்பாதையின் தூரத்தை எண்ணி, பொழுது சாய்வதற்குள் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டுவிடுங்கள்.