கண்ணாடி வழியே ஒரு கை



சென்னையை ஒட்டிய அத்திப்பட்டில் அனல்மின் நிலையம், கிழக்கே காமராசர் துறைமுகம், வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை என, இயந்திரத்தோடு கை பழகும் ஊர்கள் இவை. பவர் பிரஸ்ஸிலோ கன்வேயர் பெல்ட்டிலோ ஒரு தொழிலாளியின் கை சிக்கினால், வீட்டாருக்கு உடனே நினைவுக்கு வரும் பெயர்களில் ஒன்று சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை. 1971-ல் அங்கே கை அறுவைச் சிகிச்சைக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கியவர் டாக்டர் ஆர்.வெங்கடசாமி. சாய்வாகத் துண்டான விரல் நுனியை, அதே விரலின் சதையை முக்கோணமாக வெட்டி நகர்த்தி மூடும் முறை ஒன்றை அவர் 1980-ல் மருத்துவ இதழில் எழுதினார். உலகெங்கும் கை மருத்துவர்கள் அந்த முறையை அறிவார்கள்.

அப்படியொரு மருத்துவர் உருவாகும் இடம் முதலாம் ஆண்டு உடற்கூறியல் வகுப்பு. அங்கே இப்போது நுழையும் புதிய கருவியைப் பற்றியதுதான் இந்த உரை. மிக்ஸ்டு ரியாலிட்டி, தமிழில் கலப்பு மெய்ம்மை என்கிறார்கள்.

ஒரு கைக்குள் 27 எலும்புகள். மணிக்கட்டின் உள்பக்கக் குறுகிய வழியில், மின் நிலையக் குழாய்க்குள் கேபிள்கள் போவதுபோல, ஒன்பது தசைநாண்களும் ஒரு முக்கிய நரம்பும் நெருக்கியடித்துப் போகின்றன. விரலுக்குள் நுழைந்ததும் சிக்கல் கூடுகிறது. மேலே இருக்கும் நாண் இரண்டாகப் பிளந்து வழிவிட, ஆழத்தில் கிடந்த நாண் அந்தப் பிளவுக்குள் புகுந்து விரல் நுனி வரை போகிறது. இரண்டுக்கும் ஒரே உறை. இங்கே வெட்டுப்பட்டால் தைப்பது அவ்வளவு கடினம் என்பதால், யாரும் கைவைக்கக் கூடாத பகுதி என்றே பழைய அறுவை மருத்துவர்கள் இதை ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

இதைப் பாடநூல் படத்தில் புரிந்துகொள்வது கடினம். டிசெக்‌ஷன் ஹாலிலும் எளிதில்லை. மேசைக்கு ஓர் உடல்; சுற்றி மாணவர் கூட்டம். பின்வரிசையில் நிற்பவருக்கு முன்னால் நிற்பவரின் தோள்தான் தெரியும். ஒருமுறை வெட்டி விலக்கிய அடுக்கை மறுபடி பழையபடி வைக்கவும் முடியாது.

கலப்பு மெய்ம்மை உதவுவது இங்கேதான். தலையில் மாட்டும் கண்ணாடி வழியே பார்த்தால், வகுப்பறையும் பக்கத்தில் நிற்கும் தோழியும் அப்படியே தெரிவார்கள். நடுவில் ஒரு முழுக் கை மிதக்கும். தோலை நீக்கலாம், திரும்பப் போர்த்தலாம். குனிந்து அடியிலிருந்து பார்க்கலாம். ஆசிரியர் ஒரு நரம்பைச் சுட்டினால், எல்லோரும் அவரவர் நிற்கும் கோணத்திலிருந்து அதே நரம்பைப் பார்க்கிறார்கள். பிளந்த நாணுக்குள் மற்றொன்று நுழைவது சில நொடிகளில் விளங்கிவிடுகிறது.

இதில் முன்னோடி, அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரிலுள்ள கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம். மைக்ரோசாஃப்டின் ஹோலோலென்ஸ் கண்ணாடிக்காக ஹோலோஅனாட்டமி என்ற பாடத்தை அது உருவாக்கி, 2015-லேயே அரங்கில் காட்டியது. 2020-ல் கொரோனா வந்து வகுப்பறைகள் மூடப்பட்டபோது, முதலாம் ஆண்டு மாணவர்கள் வீட்டிலிருந்தபடியே கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரே உடலைச் சேர்ந்து படித்தார்கள்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். ஹோலோலென்ஸ் 2-ன் எடை அரைக் கிலோவுக்கும் மேல். படம் தெரியும் பரப்பு குறுகலானது. அருகே போனால் உருவத்தின் ஓரங்கள் மறைந்துவிடும். முதல் கண்ணாடி 2016-ல் 3000 டாலருக்கு விற்றது. அன்றைய மதிப்பில் சுமார் இரண்டு லட்சம் ரூபாய். 2024-ல் மைக்ரோசாஃப்ட் ஹோலோலென்ஸ் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. ஒரே நிறுவனத்தின் கருவியை நம்பிப் பாடம் அமைக்கும் கல்லூரி, பிறகு திண்டாட நேரும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்துப் பிடித்து, மணிக்கட்டைச் சற்றே உள்பக்கம் மடக்கிப் பாருங்கள். நடுவில் ஒரு நாண் புடைத்து நிற்கும். சிலருக்கு ஒரு கையில் மட்டும் இருக்கும். சிலருக்கு இரண்டிலும் இராது. இல்லாததால் பிடிக்குக் குறையொன்றும் இல்லை. அதனாலேயே அறுந்த வேறு நாணுக்கு ஒட்டுப்போட அறுவை மருத்துவர்கள் இதை எடுக்கிறார்கள். கண்ணாடிக்குள் இருக்கும் கை எத்தனை முறை திறந்தாலும் அதே கைதான். கைக்குக் கை மாறும் இந்த வேறுபாட்டையும், நாணின் வழுவழுப்பையும், கொழுப்புக்குள் நரம்பைத் தேடி எடுக்கும் பொறுமையையும் உண்மையான உடல்தான் கற்றுத்தர முடியும்.

ஆகவே, கண்ணாடியை டிசெக்‌ஷனுக்கு முந்தைய பாடமாக வைப்பதே சரி. முதலில் மிதக்கும் கையில் வழியைத் தெரிந்துகொண்டு, பிறகு மேசைக்குப் போகும் மாணவர் கத்தியை எங்கே வைக்க வேண்டும் என்று அறிந்தே வைப்பார். கிடைத்த ஓர் உடலும் வீணாகாது. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் திருவள்ளூரும் ஒன்று. இப்படிப் புதிதாகத் தொடங்கிய கல்லூரிகளுக்கு இந்த வரிசை மிகவும் பொருந்தும். ஆளுக்கொரு கண்ணாடி வேண்டியதில்லை. சில கண்ணாடிகளை வைத்துச் சிறு குழுக்களாக மாறி மாறிப் படிக்கலாம்.

கருவி எவ்வளவு வளர்ந்தாலும் உடல் தானத்தின் தேவை குறையப் போவதில்லை. விருப்பமுள்ளவர்கள் குடும்பத்தாரிடம் இப்போதே பேசிவைத்து, அரசு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் படிவம் வாங்கிப் பதிவு செய்துகொள்ளலாம்.