சனிக் கிரகத்தில் கண்ட தூசி



சனி என்றால் நம் ஜனங்களுக்குள்ள பயம் உங்களுக்குத் தெரியும். வியாபாரம் நொடித்தாலும், பெண்ணுக்குக் கலியாணம் தட்டிப்போனாலும் ஏழரை நாட்டுச் சனி என்று சொல்லி எள்ளும் எண்ணெயும் தட்சணையும் கொடுத்து அழுகிறார்கள். அந்தச் சனியின் பக்கத்திலேயே 13 வருஷ காலம் சுற்றிய ஒரு கருவியின் சங்கதியை இன்று சொல்ல ஆசைப்படுகிறோம்.

1997-ம் வருஷம் அக்டோபர் 15-ந் தேதி அமெரிக்கரும் ஐரோப்பியரும் சேர்ந்து காசினி என்னும் விண்கலத்தை அனுப்பினார்கள். 2004-ல் அது சனியை அடைந்தது. அதிலே ஜெர்மனி தேசத்து விஞ்ஞானிகள் தலைமையில் செய்யப்பட்ட தூசி ஆராயும் கருவி ஒன்று இருந்தது.

கண்ணுக்குத் தெரியாத தூசியை அது கண்டது எப்படி? ஓர் அங்குலத்தை 25,000 பங்கு செய்தால் ஒரு பங்கு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவே உள்ள துகள் மகா வேகத்தில் வந்து ரோடியம் என்னும் உலோகத் தகட்டில் மோதும். மோதியவுடன் ஆவியாகி, மின்சாரம் ஏறிய அணுக்களாய்ச் சிதறும். அவற்றைக் கருவியிலுள்ள மின்சக்தி இழுக்கும். இலேசானது முந்தி வரும். கனமானது பிந்தி வரும். வந்த நேரத்தைக் கணக்குப் பார்த்தால் துகள் இன்ன பொருள் என்று தெரிந்துவிடும். இதில் மந்திரமுமில்லை, ஞானதிருஷ்டியுமில்லை.

இந்தப்படி பார்த்ததில் கண்டதென்ன? சனியின் வெளி வளையமொன்றிலுள்ள பனித்துகள், என்செலடஸ் என்னும் சுமார் 300 மைல் குறுக்களவுள்ள சந்திரனிலிருந்து பீறிட்டு வருவது. அத்துகளில் உப்பு இருப்பது 2009-ல் வெளியாயிற்று. பாறையைத் தொட்டு நிற்கும் நீரில்தானே உப்பு ஏறும்? ஆகவே, அங்கே பனிக்கட்டியின் அடியில் உப்புநீர் இருக்கிறதென்று தெளிந்தார்கள். உயிர்களுக்கு வேண்டிய பாஸ்பேட்டும் இருப்பதாக 2023-ல் கண்டார்கள். ஆனாலும் அங்கே உயிர் உண்டென்று சொல்லிவிடவில்லை. ருசு இல்லாததைச் சொல்ல அவர்கள் தயாரில்லை. லட்சக்கணக்கான துகள்களில் 36 மாத்திரம் சூரிய மண்டலத்துக்கு அப்பாலிருந்து வந்தவை என்று வேகத்தையும் திசையையும் கொண்டு 2016-ல் பிரித்துக் காட்டினார்கள். கடைசியாக 2017-ம் வருஷம் செப்டம்பர் 15-ந் தேதி, பூமியின் கிருமி அச்சந்திரனில் ஒட்டிவிடக் கூடாதென்று, கலத்தைச் சனிக்குள்ளேயே விழச் செய்து எரித்துவிட்டார்கள்.

தோழர்களே! ஒரு தூசியைக்கூட மோதவிட்டு, அளந்து, ருசு கண்ட பின்தான் அறிவுள்ளவர்கள் நம்புகிறார்கள். அப்படியிருக்க, 70 கோடி மைலுக்கும் அப்பாலுள்ள கிரகம் நம் கடைக் கணக்கைக் கெடுக்கிறதென்பதை யார், எந்தக் கருவி கொண்டு அளந்தார்? நாளைக்கு ஒருவர் வந்து உங்களுக்குச் சனி பிடித்திருக்கிறதென்றால் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். பரிகாரத்துக்கென்று முடிந்து வைத்த பணத்தில் பிள்ளைக்குப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள்.