வண்டியை மறித்த பாட்டு

ஹைதராபாத்தைச் சொந்த ஊராக்கிக்கொண்ட தமிழ்ப் பெருமக்களே!

1977. இங்கிலாந்து அரசிக்கு வெள்ளிவிழா. தெருவெங்கும் கொடியும் தோரணமும். அந்த வேளையில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் ராக் குழு, அரசியையே சாடிப் பாடியது. பிபிசி அந்தப் பாட்டை ஒலிபரப்ப மறுத்தது. ஆள்வோரை முகத்துக்கு நேரே கேட்ட பாட்டு என்று உலகம் அதைக் கொண்டாடுகிறது. கொண்டாடட்டும். ஆனால் அதற்கு ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்கு முன்பே, நாம் வாழும் இந்தத் தெலங்கானா மண்ணில் அப்படியொரு பாட்டு பிறந்துவிட்டது!

ஹைதராபாத்தை ஆண்ட நிஜாமை எதிர்த்துப் பண்டி யாதகிரி கட்டிய வண்டிப் பாட்டைச் சொல்கிறேன். 1980இல் வெளிவந்த, கௌதம் கோஷ் இயக்கிய 'மா பூமி' படத்தில் மக்கள் பாடகர் கத்தர் தோன்றிப் பாடினாரே, அதே பாட்டு. தெலுங்கு தெரியாதவர்கூட அந்த மெட்டுக்குத் தாளம் போடுவார். தாளம் போட்டால் போதுமா? பொருள் தெரிய வேண்டாமா?

வரிசையாக வரும் வண்டிகளைப் பார்த்து, இவற்றில் நீ எதில் வருகிறாய் என்று நிஜாம் ஆட்சியை விசாரிக்கிறது பாட்டு. ஏன் வண்டி? அன்று வெட்டிச் சாக்கிரி என்ற கொடுமை இருந்தது. தேஷ்முக் என்ற நிலக்கிழாருக்கும் அதிகாரிக்கும் உழவன் தன் வண்டியையும் மாட்டையும் கூலியில்லாமல் ஓட்டிப் போக வேண்டும். தன் நிலம் காய்ந்து கிடந்தாலும் தேஷ்முக்கின் நிலத்தைத்தான் முதலில் உழ வேண்டும். யாருடைய மாடு இத்தனை காலம் இழுத்ததோ, அவனே வண்டியை மறித்துக் கேட்கிறான். அதுவும் அரசனை ஒருமையில், அடங்காத வீட்டுப் பையனை அதட்டுவது போல!

அடுத்து ஊர்ப் பெயர்கள் வருகின்றன: சூர்யாப்பேட்டை, நல்கொண்டா, ஹைதராபாத், கோல்கொண்டா. வெறும் ஓசைக்காகவா? இல்லை. 1946இல் கடவெண்டியில் நிலக்கிழாரை எதிர்த்த தொட்டி கொமரய்யா சுட்டுக் கொல்லப்பட்டபின் மூண்டெழுந்த தெலங்கானா உழவர் போராட்டத்தின் கோட்டை, நல்கொண்டா. கிளர்ந்தெழுந்த ஊர்களில் தொடங்கி நிஜாமின் வாசலுக்கே வருகிறது அந்த வரிசை. அது முற்றுகை!

இப்படிப் பாடுவதற்கு விலையும் உண்டு. 1997 ஏப்ரல் 6 அன்று கத்தர் சுடப்பட்டார். ஒரு தோட்டா, 2023இல் அவர் மறையும்வரை உடலுக்குள்ளேயே இருந்தது. பாட்டை அவர் நிறுத்தவில்லை.

தேர்தலைப் பல்லாண்டு புறக்கணித்த அதே கத்தர், 2018இல் முதன்முறையாக வாக்களித்தார். அதை நான் பெரிதாக மதிக்கிறேன். எந்த உரிமையும் இல்லாத காலத்தில் வண்டிப் பாட்டின் உழவன் கேள்வி கேட்டான். நமக்கோ எல்லா உரிமையும் இருக்கிறது. வாக்குச்சாவடியில் கேட்கலாம், வார்டு அலுவலகத்தில் கேட்கலாம். கேட்கிறோமா?

நம் பிள்ளைகள் பங்க் பாட்டு கேட்கட்டும், தடையில்லை. அதோடு இந்த வண்டிப் பாட்டின் பொருளையும் சொல்லிக்கொடுங்கள். இந்த ஊர்ச் சோற்றை உண்கிற நாம், இந்த ஊர் மக்கள் எப்படித் தலைநிமிர்ந்தார்கள் என்று அறிந்துகொள்வது கடமை.