துளையோரத்தில் தாங்கும் இரும்பு



இரும்புத் தகடு வாங்கினால் கூடவே ஒரு டெஸ்ட் சர்ட்டிபிகேட் வரும். கட்டுமானத்தில் அதிகம் புழங்கும் இ250 ரகம் என்றால், அதில் முக்கியமாக இரண்டு எண்கள். ஈல்டு 250 மெகாபாஸ்கல். அதைத் தாண்டினால் தகடு நீண்டது நீண்டதுதான், பழைய நிலைக்குத் திரும்பாது. இழுவை வலிமை 410. அதற்கு மேல் அறுந்துவிடும். சரி, அந்தத் தகட்டில் துளை போட்டு போல்ட் மாட்டினால், போல்ட்டின் உடம்பு துளையோரத்தை எவ்வளவு அழுத்தலாம்? தாங்கு தகைவு எனப்படும் அந்த எண் சர்ட்டிபிகேட்டில் இருக்காது. இருக்கிற எண்களிலிருந்து நாம்தான் கணிக்க வேண்டும்.

தகைவைக் கணக்கிடுவது எளிது. போல்ட்டின் விட்டத்தைத் தகட்டின் தடிமனால் பெருக்கி, வருகிற பரப்பால் சுமையை வகுக்க வேண்டும். துளையின் சுவர் வளைந்திருக்கிறது, அழுத்தம் எங்கும் ஒரே மாதிரி விழாது. தெரிந்தேதான் அதைக் கண்டுகொள்ளாமல் விடுகிறோம்.

எவ்வளவு அனுமதிக்கலாம் என்பதில்தான் வேடிக்கை. அமெரிக்க எஃகுக் கட்டுமான விதி, பாதுகாப்புக்காக இரண்டால் வகுத்த பிறகும், இழுவை வலிமையைப் போல் 1.2 மடங்கு தருகிறது. 410இல் அறுந்துபோகிற இரும்புக்கு 492! இழுக்கும்போது இரும்பு மெலிந்து, கழுத்துவிட்டு அறுகிறது. துளையோரத்தில் நசுங்கும் இரும்புக்கோ ஒதுங்க இடமில்லை; சுற்றியுள்ள இரும்பு அதை நெருக்கிப் பிடித்துக்கொள்கிறது.

அந்தச் சுற்று இரும்பு போதிய அளவு இருந்தால்தான் இந்தச் சலுகை. ஆபீஸ் ஃபைலில் விளிம்பை ஒட்டிப் பஞ்ச் பண்ணிய தாளை டேக் கிழித்துக்கொண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். இரும்பும் அப்படியே கிழியும். அதனால்தான் விமானத் துறைக் கையேடுகளில் ஒரே உலோகத்துக்குத் தாங்கு வலிமை இரண்டு விதமாக அச்சாகியிருக்கும்: துளை மையத்திலிருந்து விளிம்பு, விட்டத்தைப் போல் 1.5 மடங்கு தள்ளியிருந்தால் ஒன்று, 2 மடங்கு என்றால் இன்னொன்று.

நம் நாட்டு எஃகுக் கட்டுமான விதியான ஐஎஸ் 800இன் 2007ஆம் ஆண்டுப் பதிப்பைக் கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். 10 மில்லிமீட்டர் இ250 தகடு, 20 மில்லிமீட்டர் போல்ட், 22 மில்லிமீட்டர் துளை. விசை தள்ளும் பக்கத்து விளிம்பு 33 மில்லிமீட்டரில் இருந்தால் தகடு தாங்குவது 82 கிலோநியூட்டன். 40க்குத் தள்ளினால் 99. இவை பாதுகாப்புக் காரணியால் பெருக்கிய சுமையோடு ஒப்பிட வேண்டிய எண்கள். அதே போல்ட் 8.8 கிரேடாக இருந்து, ஒரே தளத்தில், மரை உள்ள இடத்தில் வெட்டுப்பட்டால், அதன் வலிமை சுமார் 90. ஆக, 33இல் தகடு முதலில் தோற்கும், 40இல் போல்ட். வெறும் 7 மில்லிமீட்டர் தோற்கும் ஆளையே மாற்றிவிடுகிறது! வரைபடத்தில் விளிம்புத் தூரத்தைக் குறிக்காமல் பட்டறைக்கு அனுப்புகிறவர்களை எனக்குப் பிடிக்காததற்கு இதுதான் காரணம்.

துல்லியமாகக் குடைந்த துளையில் பின் மாட்டும் மூட்டுகளுக்கு இந்தத் தாராளம் கிடையாது. துளை நீள்வட்டமாகிவிட்டால் பின் ஆட்டம் காணும், திரும்ப வேண்டிய மூட்டு சரியாகத் திரும்பாது. அங்கே அதே அமெரிக்க விதி இழுவை வலிமையை விட்டுவிட்டு ஈல்டைப் பிடித்துக்கொள்கிறது: 0.9 மடங்கு, இ250க்கு 225 மெகாபாஸ்கல்தான்.